அப்பா விற்ற காட்டுப் பணம் 36 லட்சம்: எதில் போடுவது?

பவர்டேபிள்காரன் | ஞாயிறு, இரவு 10.15

வணக்கம். திருப்பூருக்கும் அவினாசிக்கும் நடுவே 18 மெஷினில் பவர்டேபிள், அதாவது கூலிக்குப் பனியன் தைத்துக் கொடுக்கும் பட்டறை, வைத்திருக்கிறேன். வயது 38. மகளுக்கு 7, மகனுக்கு 3. அப்பா போன மாதம் ஒரு ஏக்கர் காட்டை, எங்கள் பக்கத்தில் விவசாய நிலத்தைக் காடு என்போம், 60 லட்சத்துக்கு விற்றார். 24 லட்சத்தைத் தன் பெயரில் வைத்துக்கொண்டு 36 லட்சத்தை என் கணக்குக்கு மாற்றிவிட்டார். அன்றிலிருந்து வீட்டில் ஒருவருக்கும் தூக்கம் இல்லை.

தாராபுரம் பக்கம் மூன்று ஏக்கர் மேட்டாங்காடு (மேட்டு நிலம்) பார்த்து வைத்திருக்கிறார் அப்பா. மைத்துனர் சீட்டுப் பிடிக்கிறார், பத்து லட்சம் என்னிடம் சுற்றட்டும் என்கிறார். மனைவிக்குப் பவுன். கூட்டாளி ஒருவர் இரண்டு வட்டிக்கு வெளியே விடலாம், வசூலுக்குத் தான் பொறுப்பு என்கிறார். எனக்கோ இன்னும் ஆறு மெஷின் இறக்கலாமா என்று ஓடுகிறது. வீட்டுச் செலவு மாதம் 45,000. கடன் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. பெரியவர்கள் வழி சொல்லுங்கள்.

சென்னிமலைத் தறி | ஞாயிறு, இரவு 10.52

"பெரிதாக ஒன்றும் இல்லை" என்பதை மட்டும் கொஞ்சம் விளக்குங்கள் தம்பி. தொழில் செய்கிறவன் வாயில் அந்தச் சொல் வந்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும். நானே இருபது ஆண்டு அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பவர்டேபிள்காரன் | ஞாயிறு, இரவு 11.20

சரி அண்ணா, எழுதிவிடுகிறேன். நூல் விலை ஏறிய சமயத்தில் வேலை குறைந்தது. அப்போது தெரிந்தவர் ஒருவரிடம் 6 லட்சம் இரண்டு வட்டிக்கு வாங்கினேன். நான்கு ஆண்டாக வட்டி ஒரு மாதம்கூடத் தவறியதில்லை. மனைவியின் நகை 14 பவுன் தனியார் அடகில் ஒன்றரை வட்டிக்கு இருக்கிறது, 5 லட்சம் வாங்கியிருக்கிறேன். மெஷின் கடன் வங்கியில், அது ஒழுங்காகப் போகிறது. அவ்வளவுதான்.

சென்னிமலைத் தறி | திங்கள், காலை 6.05

அவ்வளவுதானா! ஆறு லட்சத்துக்கு மாதம் 12,000 என்றால் நான்கு ஆண்டில் 5,76,000 வட்டியாகவே போயிருக்கிறது. வாங்கிய தொகையை ஏறக்குறைய முழுதாகத் திருப்பிக் கொடுத்துவிட்டீர்கள், அசல் ஒரு ரூபாய் குறையவில்லை. வட்டி தவறவில்லை என்று பெருமை வேறு.

நம் பக்கத்தில் யாரும் சதவீதம் பேசுவதில்லை. ஒன்றரை வட்டி, இரண்டு வட்டி, மூன்று வட்டி. காதுக்கு எல்லாமே சின்ன எண்கள். நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய் என்றால் ஆண்டுக்கு 24. அதே ஆளிடம் போய் "வங்கியில் 24 சதவீதத்துக்குக் கடன் தருகிறார்கள், வருகிறாயா" என்று கேட்டுப் பாருங்கள், செருப்பைத் தேடுவார். வங்கி நகைக்கடன் ஏறக்குறைய முக்கால் வட்டிக்குக் கிடைக்கிறது. அங்கே போகாததற்கு நாம் சொல்லும் காரணம், "வரிசையில் நிற்கவேண்டும், தெரிந்தவர்கள் பார்ப்பார்கள்".

உங்கள் கூட்டாளி இரண்டு வட்டிக்கு வெளியே விடச் சொல்கிறார். நீங்களே இரண்டு வட்டிக்கு வாங்கி வைத்திருக்கிறீர்கள். உங்கள் 6 லட்சத்தை நீங்களே அடைத்தால் அதே 24 சதவீதம் கிடைத்த கணக்கு. வசூலுக்கு அலையவும் வேண்டாம். இதை முடிக்காமல் மற்ற எதைப் பேசினாலும் நான் கேட்கப் போவதில்லை.

சரவணம்பட்டி | திங்கள், காலை 9.40

தறி அண்ணா சொன்னது நூற்றுக்கு நூறு. கடன் போக மீதியை இண்டெக்ஸ் ஃபண்டில் (சந்தைக் குறியீட்டில் உள்ள பங்குகளை அப்படியே வாங்கும் ஃபண்ட்) மாதாமாதம் பிரித்துப் போடுங்கள். மகளுக்கு 22 வயது ஆக இன்னும் 15 ஆண்டு இருக்கிறது. நீண்ட காலத்துக்குப் பங்குச்சந்தையை எதுவும் வெல்லாது. நிலம், தங்கம், சீட்டு எல்லாம் தாத்தா காலத்துப் பழக்கம்.

கொப்பரைக்களம் | திங்கள், காலை 11.15

தாத்தா இங்கேதான் இருக்கிறேன் தம்பி, சொல்லுங்கள்.

வயது 67. காங்கேயத்தில் களம் வைத்திருந்தேன். 1995இல் வெள்ளகோவில் பக்கம் ஏக்கர் ஒன்றரை லட்சம் கொடுத்து நான்கு ஏக்கர் வாங்கினேன். போன ஆண்டு ஏக்கர் 18 லட்சத்துக்குக் கேட்டு வந்தார்கள். பன்னிரண்டு மடங்கு! உங்கள் சந்தையின் சென்செக்ஸ் குறியீடு 2008 ஜனவரியில் 21,000 புள்ளியில் நின்றது, அடுத்த ஆண்டு மார்ச்சில் எட்டாயிரத்துச் சொச்சம். என் சம்பந்தி அப்போது பயந்து விற்றுவிட்டு வந்தவர், இன்றைக்கும் அந்தப் பக்கம் திரும்புவதில்லை. என் காடு ஒரு நாளும் டிவியில் சிவப்பாக ஓடியது கிடையாது.

சரவணம்பட்டி | திங்கள், மதியம் 1.30

ஐயா, கோபிக்கக்கூடாது. 30 ஆண்டில் பன்னிரண்டு மடங்கு என்றால் கூட்டுவட்டிக் கணக்கில் ஆண்டுக்கு எட்டரை சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல். நீங்கள் வாங்கிய 1995இல் தபால் ஆபீஸ் பி.பி.எஃப். சேமிப்பு 12 சதவீதம் தந்துகொண்டிருந்தது. இன்று அது 7.1தான், அது வேறு கதை. தண்ணீருக்கு எத்தனை போர்வெல் போட்டீர்கள்?

கொப்பரைக்களம் | திங்கள், மதியம் 2.10

ஐந்து. இரண்டில் தண்ணீர்.

சரவணம்பட்டி | திங்கள், மதியம் 2.14

அந்த மூன்று வெறும் போருக்குத் திருச்செங்கோட்டு ரிக் வண்டிக்குக் கொடுத்ததையும் கழித்தால்?

கொப்பரைக்களம் | திங்கள், மாலை 5.00

கழித்துக்கொள்ளுங்கள். ஆயிரம் அடிக்குக் கீழே புகையைப் பார்த்துவிட்டு வந்து இரவு சாப்பிடாமல் படுத்தவன் நான், எனக்குத் தெரியாததா. ஆனாலும் ஒன்று கேளுங்கள். நினைத்த நேரத்தில் விற்கமுடியவில்லை, அதனால்தான் நிலம் நிலமாகவே நின்றது. அந்த ஆறு லட்சம் வங்கியில் இருந்திருந்தால் 2003இல் கார், 2007இல் மாடிவீடு, 2010இல் மகனுக்கு ஒரு கடை என்று போயிருக்கும். எட்டரையோ ஒன்பதோ, முப்பது ஆண்டு கை வைக்காமல் இருந்தது காடு ஒன்றுதான். உங்கள் ஃபண்டை நள்ளிரவில் போனில் விற்கலாமாமே? அதுதான் எனக்குப் பயம்.

ஆபீஸ் குமாஸ்தா | திங்கள், இரவு 9.05

ஈரோட்டில் ஆடிட்டர் ஆபீஸில் 19 ஆண்டு. பெரியவர் கடைசியாகச் சொன்னதை நான் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இன்று வாங்குகிறவருக்கு முத்திரைத்தாளும் பதிவுக் கட்டணமும் சேர்த்து 9 சதவீதம் முதல் நாளே போய்விடும். அது திரும்பவே நிலம் ஓராண்டு ஏறவேண்டும்.

இன்னொன்றை இந்த இழையில் யாருமே கேட்கவில்லை. விற்ற காடு எங்கே இருக்கிறது? நகராட்சி, மாநகராட்சி எல்லையிலிருந்து எத்தனை கிலோமீட்டர்? மக்கள்தொகை ஒரு லட்சத்துக்கு மேல் பத்து லட்சத்துக்குள் உள்ள ஊர் என்றால் 6 கிலோமீட்டர், பத்தாயிரத்துக்கு மேல் ஒரு லட்சம் வரை என்றால் 2 கிலோமீட்டர். நேர்க்கோட்டுத் தூரம், பஸ் போகும் தூரம் அல்ல. அதற்கு அப்பால் உள்ள விவசாய நிலம் என்றால் விற்ற லாபத்துக்கு வரியே கிடையாது. உள்ளே இருந்தால் மூலதன ஆதாய வரி உண்டு. அது உங்கள் அப்பா பெயரில் வரும், உங்கள் பெயரில் அல்ல. அவர் உங்களுக்குக் கொடுத்தது அன்பளிப்பு, அதற்கு வரி இல்லை. உள்ளே இருக்கும் பட்சத்தில் இரண்டு ஆண்டுக்குள் வேறு விவசாய நிலம் வாங்கினால் விலக்குக் கேட்கலாம், அப்போது தாராபுரம் யோசனைக்கு ஒரு நியாயம் பிறக்கும். தாசில்தாரிடமும் ஆடிட்டரிடமும் கேட்டுவிட்டுப் பிறகு பணத்தை நகர்த்துங்கள்.

அப்பாவின் 24 லட்சம் எங்கே இருக்கிறது?

பவர்டேபிள்காரன் | திங்கள், இரவு 9.50

ஊர்க் கூட்டுறவுச் சங்கத்தில். செயலாளர் எங்கள் பங்காளி.

ஆபீஸ் குமாஸ்தா | திங்கள், இரவு 10.20

அதை நினைத்தேன். வங்கி என்றால் ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம் வரை டெபாசிட் காப்பீடு உண்டு. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்துக்கு அந்தக் காப்பீடு இல்லை. பங்காளி நல்லவராகவே இருக்கட்டும். அப்பாவுக்கு 60 தாண்டியிருந்தால் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 30 லட்சம் வரை போடலாம். இப்போது 8.2 சதவீதம். 24 லட்சத்துக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை 49,200 ரூபாய் கைக்கு வரும், மகனிடம் கேட்கவேண்டியதில்லை. இந்தக் கடைசி வாக்கியத்தை மட்டும் அப்பாவிடம் சொல்லிப் பாருங்கள்.

சீட்டுப் பிடித்தவன் | செவ்வாய், காலை 7.30

எட்டு ஆண்டு சீட்டுப் பிடித்தேன், இப்போது இல்லை. உறவுக்குள்ளேயே பிடித்ததால் உறவும் பாதி இல்லை.

மைத்துனர் விஷயத்துக்கு வருகிறேன். 20 பேர், 20 மாதம், மாதம் 25,000, ஐந்து லட்சம் சீட்டு என்று வையுங்கள். நான்காம் மாதம் ஒருவர் ஒன்றரை லட்சம் தள்ளி எடுக்கிறார். அவர் கைக்கு மூன்றரை லட்சம். தள்ளிய ஒன்றரையில் சீட்டுக்காரன் கமிஷன் 25,000. மீதி 1,25,000 இருபது பேருக்கும் பிரிந்து ஆளுக்கு 6,250 கழியும், அந்த மாதம் 18,750 கட்டினால் போதும். கடைசி வரை எடுக்காமல் நிற்கிறவர் மொத்தம் 4,10,000 போலக் கட்டி 4,75,000 வாங்குவார். பணம் நின்ற காலத்தைக் கணக்கிட்டால் ஆண்டுக்கு 19 சதவீதம் போல நிற்கும். பார்க்க அழகு. இந்த 19 எங்கிருந்து வந்தது? நான்காம் மாதம் மகள் கல்யாணத்துக்கென்று தள்ளி எடுத்தவர் வயிற்றிலிருந்து. அவர் பத்தாம் மாதம் கட்டாமல் நின்றால் அழகு அங்கேயே முடிந்தது, பொறுப்பு சீட்டுக்காரன் தலையில். என் தலையில் இரண்டு முறை விழுந்தது. இரண்டாவது முறை என் மனைவியின் தாலிக்கொடி போனது.

1982ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு செய்து, பிணை கட்டி நடத்துகிற சீட்டு வேறு. அங்கே 2019 முதல் கமிஷன் 7 சதவீதம் வரை எடுக்கலாம், ஏமாந்தால் பதிவாளரிடம் போகலாம். மைத்துனரிடம் பதிவு எண் கேளுங்கள். கேட்கமுடியவில்லை என்றால் அங்கே பணம் போடவும் முடியாது. பத்து லட்சத்தை முதலாகக் கொடுத்து "சுற்றட்டும்" என்பது சீட்டே அல்ல. அவர் ஏதோ ஓட்டையை அடைக்கிறார்.

பெருந்துறை வாசி | செவ்வாய், காலை 10.00

ஈமு கோழி. ஒன்றரை லட்சம் கட்டினேன். மாதம் 6,000 தருவோம், ஆண்டு போனஸ் தனி என்றார்கள். தறி அண்ணன் கணக்கில் சொன்னால் நாலு வட்டி! நாலு வட்டிக்கு எவனாவது கோழி வளர்ப்பானா என்று அப்போது யாரும் கேட்கவில்லை. ஊரே கட்டியது, நான் மட்டும் கட்டாமல் இருந்தால் முட்டாள் என்றார்கள். 2012இல் எல்லாம் கலைந்தது. 1997ஆம் ஆண்டு முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தில் புகார் கொடுத்தேன், கோவைக்கு நடந்தேன். கோழிகள் தீனியில்லாமல் வாசலில் நின்றது இன்னும் கண்ணில் நிற்கிறது. அதற்குத் தீனி போட்டதுதான் நான் செய்த கடைசிச் செலவு.

ஓவர்லாக் | செவ்வாய், இரவு 11.10

வேலை முடிந்து இப்போதுதான் வந்தேன், ஒன்றரை ஷிப்ட். அண்ணா 36 லட்சம் என்கிறார், நான் சனிக்கிழமைச் சம்பளக்காரி. ஆனாலும் சொல்ல ஒன்று இருக்கிறது.

பனியன் கம்பெனியில் 14 ஆண்டு. ஐந்து கம்பெனி மாறினேன். ஒவ்வொரு முறை மாறும்போதும் பி.எஃப். பணத்தை, பென்ஷன் பங்கோடு சேர்த்து எடுத்துவிடுவேன். ஒரு முறை ஸ்கூல் ஃபீஸ், ஒரு முறை அம்மாவின் ஆபரேஷன், ஒரு முறை ஒன்றுமில்லை, சும்மா எடுத்தேன். போன மாதம்தான் தெரிந்தது, பென்ஷனுக்குப் பத்து ஆண்டுச் சர்வீஸ் வேண்டும், எடுத்தால் அந்த ஆண்டுகள் அழிந்துவிடும் என்று. 14 ஆண்டு தைத்தவளுக்குக் கணக்கில் இருப்பது 3 ஆண்டு. எடுக்காமல் சான்றிதழ் வாங்கி வைத்துக்கொள்ளலாமாம். ஒரு சூப்பர்வைசர்கூடச் சொல்லவில்லை. "பி.எஃப். பிடிக்காமல் கையில் கொடுங்கள்" என்று சண்டை போட்டவர்களில் நானும் ஒருத்தி, யாரைக் குறை சொல்வது.

அண்ணா, உங்கள் பவர்டேபிளில் எத்தனை பேர்? 2011 ஜனவரியில் கோர்ட் உத்தரவில் சாயப்பட்டறை மூடியபோதும், 2020இலும், 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோதும் முதலில் வீட்டுக்குப் போனது நாங்கள்தான். ஆறு மெஷின் வாங்குவதற்கு முன்னால் இரண்டு மாதக் கூலியைத் தனியாக எடுத்து வையுங்கள்.

பவர்டேபிள்காரன் | புதன், காலை 6.40

22 பேர் அக்கா. ஆகஸ்டுக்குப் பிறகு ஆறு வாரம் பாதிப் பேருக்கு வேலை தரமுடியவில்லை. மெஷின் யோசனையை விட்டுவிட்டேன்.

ஆபீஸ் குமாஸ்தா | புதன், காலை 9.15

22 பேர் என்றால் பி.எஃப். பதிவு கட்டாயம், 20 பேர் ஆனாலே. அதையும் பாருங்கள் தம்பி. உத்யம் பதிவு (சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு) இருந்தால் உங்களுக்குப் பணம் தரவேண்டிய கம்பெனி 45 நாளுக்கு மேல் இழுத்தடித்தால் அவர்கள் வருமான வரிக் கணக்கில் அந்தச் செலவைப் பணம் தந்த ஆண்டில்தான் கழிக்கமுடியும். இந்த ஒரு வரியைச் சொன்னாலே சில இடங்களில் செக் வரும்.

மற்றதை வேகமாகச் சொல்கிறேன். அடகு நகையை மீட்டுவிடுங்கள். வீட்டுக்கு ஆறு மாதச் செலவு, 2,70,000, தொழில் கணக்கோடு ஒட்டாமல் வேறு வங்கியில். பவர்டேபிள் கணக்கிலிருந்து பால்காரருக்குக் கொடுக்கும் பழக்கம் இருந்தால் இன்றோடு நிறுத்துங்கள். உங்கள் பெயரில் ஒரு டேர்ம் இன்சூரன்ஸ் (குறித்த காலத்துக்குள் இறந்தால் மட்டும் குடும்பத்துக்குப் பணம் வரும்), குடும்பத்துக்கு மருத்துவக் காப்பீடு, 2025 செப்டம்பர் 22 முதல் இரண்டுக்கும் ஜி.எஸ்.டி. இல்லை. மகளுக்குப் பத்து வயது ஆவதற்குள் செல்வமகள் கணக்கு. ஆண்டுக்கு ஒன்றரை லட்சம், 15 ஆண்டு கட்டினால், இப்போதைய 8.2 மாறாமல் இருந்தால், 21ஆம் ஆண்டில் ஏறக்குறைய 71 லட்சம். பெரியவர் கேட்ட குணம் இதில் உண்டு, நள்ளிரவில் விற்கமுடியாது. மீதியைச் சரவணம்பட்டித் தம்பியிடம் கேட்டுக்கொள்ளுங்கள், ஒரே நாளில் போடாமல்.

பவுன்? 2012 இறுதியிலும் 2018இலும் ஒரே 23,000, 24,000 பக்கம் நின்றது, 2025 அக்டோபரில் 90,000 தாண்டியது. இரண்டையும் மனைவியிடம் சொல்லுங்கள். நகையாக வாங்கினால் செய்கூலி சேதாரம் தனி.

வெள்ளகோவில் மருமகள் | புதன், மதியம் 12.45

மூன்று நாளாகப் படிக்கிறேன். ஒருவரும் கேட்காததால் நான் கேட்கிறேன். அண்ணா, உங்களுக்கு உடன்பிறந்தவர் உண்டா?

பவர்டேபிள்காரன் | புதன், மதியம் 1.20

ஓர் அக்கா. ஈரோட்டில் கொடுத்திருக்கிறோம். 2006இல் 40 பவுன் போட்டு, சீர் எல்லாம் குறையில்லாமல் செய்து அனுப்பினோம். பத்திரத்தன்று வந்து கையெழுத்துப் போட்டார். புடவையும் பணமும் வைத்துக் கொடுத்தோம்.

வெள்ளகோவில் மருமகள் | புதன், மதியம் 1.50

எவ்வளவு பணம்?

பவர்டேபிள்காரன் | புதன், மதியம் 2.30

பத்தாயிரம்.

வெள்ளகோவில் மருமகள் | புதன், மதியம் 3.05

தாத்தா வழியில் வந்த காடு என்றால் தமிழ்நாட்டில் 1989 முதலே மகளுக்குப் பங்கு உண்டு. 2005இல் நாடு முழுக்க வந்தது. அப்பா அன்று உயிரோடு இருந்தாரா என்ற கேள்வியையும் 2020இல் உச்ச நீதிமன்றம் முடித்துவிட்டது. நானும் போன ஆண்டு என் பிறந்த வீட்டுக்காகச் சார்பதிவாளர் ஆபீஸில் கையெழுத்துப் போட்டேன். மதியம் சாப்பாடு ஓட்டலில். என் தம்பி என் இலையில் இனிப்பை இரண்டாக வைத்தான். வரும்போது பஸ்ஸில் அழுதேன், எதற்கு என்று கணவரிடம் சொல்லமுடியவில்லை. தரவில்லை என்பதற்காக அல்ல. கேட்கவே இல்லை.

கொப்பரைக்களம் | புதன், மாலை 4.10

சீர் செய்தாகிவிட்டது, எழுதிங்கள் சடங்கு இருக்கிறது, வளைகாப்பு இருக்கிறது, ஆயுசுக்கும் தாய்மாமன் செய்துகொண்டேதான் இருக்கிறான். அதற்கெல்லாம் கணக்கு யார் எழுதுவது?

வெள்ளகோவில் மருமகள் | புதன், மாலை 4.25

எழுதலாமே ஐயா. 40 பவுனையும் எழுதுங்கள், 60 லட்சத்தையும் எழுதுங்கள்.

ஆபீஸ் குமாஸ்தா | புதன், மாலை 6.00

பூர்வீகச் சொத்தா, அப்பா சம்பாதித்ததா என்பதைப் பத்திரம் பார்த்துத்தான் சொல்லமுடியும். அக்கா கையெழுத்துப் போட்டிருப்பதால் வாங்கியவருக்குச் சிக்கல் இல்லை. உங்களுக்குச் சட்டத்தில் சிக்கலா என்று கேட்டால், பெரும்பாலும் இல்லை. வீட்டில் சிக்கலா என்பதை என்னிடம் கேட்காதீர்கள்.

பவர்டேபிள்காரன் | அடுத்த ஞாயிறு, இரவு 9.30

எல்லோருக்கும் நன்றி. வியாழக்கிழமை இரண்டு வட்டிக்காரரிடம் 6 லட்சம் கொடுத்துப் புரோநோட்டைத் திரும்ப வாங்கினேன். "அவசரம் இல்லையே, இருக்கட்டுமே" என்றார், மூன்று முறை. நகை வந்துவிட்டது. மைத்துனரிடம் பதிவு எண் கேட்டேன், இரண்டு நாளாகப் பேசவில்லை. மகளுக்குத் தபால் ஆபீஸில் கணக்குத் தொடங்கினேன், மகள் தானே பாஸ்புத்தகத்தைப் பையில் வைத்துப் பள்ளிக்கூடம் கொண்டுபோய்விட்டாள். அப்பா 24 லட்சத்தை மாற்றச் சம்மதித்தார், "மகனிடம் கேட்கவேண்டியதில்லை" என்ற வாக்கியத்தில்தான் விழுந்தார். தூரம் அளந்தோம், எல்லைக்கு வெளியேதான், ஆடிட்டரும் பார்த்துவிட்டார்.

இன்று காலை அக்கா வீட்டுக்குப் போனேன். அப்பாவும் வந்தார், வழியெல்லாம் பேசவில்லை. 10 லட்சத்துக்குச் செக் எழுதிக் கொண்டுபோயிருந்தேன். சரிபாதி அல்ல என்று எனக்கும் தெரியும், இப்போது முடிந்தது அதுதான், அதையும் சொன்னேன். அக்கா செக்கை வாங்கிப் படித்துவிட்டு, "பெயரில் இனிஷியல் மாறியிருக்கிறது, கல்யாணத்துக்கு முன்னால் இருந்தது" என்றார். 19 ஆண்டாக அக்காவின் வங்கிக் கணக்கு என்ன பெயரில் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. நாளை வேறு செக் எழுதவேண்டும்.

திரும்பும்போது அப்பா காரைத் தாராபுரம் ரோட்டுக்குத் திருப்பச் சொன்னார். சும்மா பார்த்துவிட்டு வரலாமாம். மூன்று ஏக்கர் வேண்டாம், ஓர் ஏக்கர் போதும் என்கிறார் இப்போது.

கொப்பரைக்களம் | அடுத்த ஞாயிறு, இரவு 9.41

எந்த ஊர்? பக்கத்துக் காட்டில் போர் எத்தனை அடி? என்னிடம் தேங்காய் வைத்து நீரோட்டம் பார்க்கும் ஆள் இருக்கிறார், நல்ல கைராசி.

சரவணம்பட்டி | அடுத்த ஞாயிறு, இரவு 9.43

ஐந்தில் இரண்டு பார்த்தவரா ஐயா?